தேத்தண்ணிக்கு ஏற்ற கோப்பை எது?

அமெரிக்கர்களான டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பொட்டரி, இந்தியாவில் கையால் வனையும் ஸ்டோன்வேருக்குப் பெரிய முன்மாதிரி. அந்த வழியில் வந்த கோப்பைகளின் அழகை மெச்சியவர்கள் ஏராளம். இலங்கை மலையகத்து வட்டவளையில் இருக்கும் எனக்கு வேறொரு கேள்வி: நாளும் தேத்தண்ணி குடிப்பவருக்கு இது நல்ல கோப்பைதானா? புழங்கச் செய்த பொருளைப் புழங்கிப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

முதலில் மண். சாதாரண மண்பாண்டம் பெரும்பாலும் 1000 பாகை செல்சியஸ் அளவில் வேகும். அதில் நுண்துளைகள் தங்கிவிடும். ஸ்டோன்வேர் 1200 முதல் 1300 பாகை வரை வெந்து கல்லாக இறுகும். தண்ணீர் அதிகம் ஊறாது. மழை ஓயாத இந்தப் பக்கத்தில், ஈரம் காயாத லயத்து அடுப்படியில், இது பெரிய தகுதி.

அடுத்தது வடிவம். கோப்பையைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். சூளைத் தட்டில் ஒட்டாதிருக்க அங்கே கிளேஸை, அதாவது கண்ணாடிப் பூச்சை, துடைத்து எடுத்திருப்பார்கள். அந்த வளையம் சொரசொரவென்று இருந்தால் மேசையைக் கீறும். கவனமுள்ள குயவர் அதைத் தேய்த்து மழுக்கியிருப்பார். குளிரில் கிடந்த தடித்த கோப்பை, ஊற்றியதும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு பிறகுதான் காக்கும். வெந்நீரால் அலசினால் இக்குறை தீரும். சீவாமல் விட்ட கனத்த அடிக்கும், உதட்டில் முட்டும் தடித்த விளிம்புக்கும் அப்படி ஒரு தீர்வு கிடையாது.

பெரிய குறை நிறத்தில் இருக்கிறது. இரும்பு கலந்த கருங்கபில கிளேஸ் தேத்தண்ணிச் சாயத்தின் நிறத்தை மறைத்துவிடுகிறது. தேயிலையைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 3103 நியமம் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்று வகுத்து, வெள்ளைப் பாத்திரத்தையே கேட்கிறது. நிறத்தைப் பார்த்தே தேத்தண்ணியை எடைபோடும் மலையகத்தில் கருங்கோப்பை பாதித் தகவலை மூடிவிடுகிறது. வெளிறிய சாம்பல் கிளேஸோ இளம்பச்சை செலடனோ பூசிய கோப்பைதான் இங்கே பொருந்தும்.

செய்தவர் யார் என்பதையும் எடைபோட வேண்டும். 1940இல் ‘எ பொட்டர்ஸ் புக்’ எழுதிய குயவர் பெர்னார்ட் லீச்கூட, இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் அன்றாடப் பாத்திரங்களைக் குழுவாகவே உருவாக்கினார். கோல்டன் பிரிட்ஜும் உள்ளூர்க்காரர்களுக்குத் தொழில் கற்பித்து, பல கைகளால் வனைந்தது. தனிக் கலைஞரின் தூய்மை இதனால் கெட்டது என்பதை நான் ஏற்கவில்லை. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வனைந்தால்தான் கை தேறும்; புதுச்சேரியையும் ஆரோவில்லையும் சுற்றிப் பல பட்டறைகள் முளைத்ததும் அதனால்தான். ஆனால் வனைந்த தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. கொழுந்தெடுப்பவரின் பெயர் வராத தேயிலைப் பெட்டிகளோடு வாழும் நாம் இதைக் குறையென்று உரக்கச் சொல்லத்தான் வேண்டும்.

விலையிலும் கையால் வனைந்த கோப்பை தோற்கிறது. மாத்தளையில் நொரிட்டாக்கே ஆலை வார்க்கும் கோப்பைகளோடு எண்ணிக்கையில் போட்டியிடக் கையால் முடியாது; அதனால் விலை கூடுகிறது.

என் தீர்ப்பு இது: விளிம்பு மெலிந்து, அடி சீவி, வெளிறிய கிளேஸ் பூசிய ஸ்டோன்வேர் தேத்தண்ணிக்கு மிக நல்ல கோப்பை. தடித்த கருங்கோப்பை அலமாரிக்கே உரியது. பட்டறையாகக் கோல்டன் பிரிட்ஜின் வழி வென்றது. எளியவர் வீட்டை எட்டும் விலையும், வனைந்தவரின் பெயரும் சேரும்வரை அந்த வெற்றி முழுமையாகாது.