பொன்னுருவி இல்லாத அஞ்சலிகள்

ந. முத்துசாமி 2018 அக்டோபரில் இறந்தபோது நான் படித்த அஞ்சலிகளில் பலவும் கூத்துப்பட்டறையிலிருந்து சினிமாவுக்குப் போன நடிகர்களின் பட்டியல்தான். ‘நீர்மை’ எழுதியவரைக் காணோம்.

சில நாட்கள் கழித்து, கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு காரியத்துக்குப் போயிருந்தேன். (எங்கள் பாங்கின் வாடிக்கையாளர் ஒருவருடைய தகப்பனார்.) இரவு கர்ண மோட்சம். இந்தப் பக்கம் சாவுக்குக் கூத்து வைப்பதென்றால் பெரும்பாலும் அதுதான். போருக்குப் போகுமுன் கர்ணன் விடைபெற வருகிறான். பொன்னுருவி லேசில் விடுவதில்லை. குலம் தெரியாதவன் என்று மனசில் வைத்திருந்ததையெல்லாம் கேட்டுவிடுகிறாள். பெண்கள் சிரித்தார்கள். விடியற்காலையில் அவர்களே அழுதார்கள். அந்த ஏச்சு இல்லாமல் இந்த அழுகை வந்திருக்காது.

நம் அஞ்சலிகளில் பொன்னுருவிக்கு இடமில்லை. முத்துசாமியோடு எனக்குச் சண்டை உண்டு. படித்தவர்கள் கூத்தை இளக்காரமாகப் பார்த்த எழுபதுகளில், புரிசை நடேசத் தம்பிரானைப் பார்த்துவிட்டு, இதுதான் நம் நாடகம் என்று வாதாடியவர் அவர். ‘அன்று பூட்டிய வண்டி’யைப் படிக்காமலிருந்தால் அன்றிரவு நான் பத்து மணிக்கே பஸ் ஏறியிருப்பேன். ஆனால் பட்டறை உடம்பைப் பழக்கிய வேகத்தில் சொல்லைக் கைவிட்டது. ‘நாற்காலிக்காரர்’ இன்றும் வாசிப்பில் நிற்கிறது. பின்னால் வந்தவற்றில் வசனம், நடிகன் தாவிப் பிடிக்கிற கயிறு, அவ்வளவே. பொன்னுருவி கட்டியவரோ வார்த்தையால்தான் அடித்தார்.

இதை அவர் இருக்கும்போதே எழுதினேன். அனுப்பவில்லை.