வாணி சொன்ன 'மாட்டேன்'

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் 'மனோன்மணீய'த்தின் வாழ்த்துப் பாட்டு மனப்பாடம். 1970இல் அரசு விழாக்களின் பாடலாகி, 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட பாட்டு அது. திருநெல்வேலியில் அந்த நூலின் பெயரோடு ஆசிரியர் பெயரையும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் பாட்டு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறோம். அதற்குப் பின்னால் ஐந்து அங்கங்களில் ஒரு நாடகம் காத்திருப்பதைத் தமிழ் படித்தவர்களிலும் பலர் தேர்வுக்காகத் தெரிந்துகொண்டதோடு சரி. இவ்வளவு புகழ்பெற்ற பெயரும் இவ்வளவு குறைவாகப் படிக்கப்பட்ட பனுவலும் ஒன்றாக அமைந்த இன்னொரு நாடகம் தமிழில் இருக்குமா என்பது சந்தேகமே.

பெ. சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். 1891இல் இந்த நாடகத்தை வெளியிட்டார். ஆறு ஆண்டுகளில் இறந்தும் போனார். லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதைப்பாட்டிலிருந்து கதையின் எலும்பை எடுத்துக்கொண்டு, பாண்டிய நாட்டு மண்ணால் அதற்கு உடம்பு செய்தார். பெரும்பகுதி ஆசிரியப்பா. மேடையைவிடப் படிப்பறைக்கே உரிய நாடகம் என்பது இதைப் பற்றிய பொதுக் கருத்து.

கதை இதுதான். பாண்டியன் ஜீவகன், அமைச்சன் குடிலனின் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறுகிறான். அவன் மகள் மனோன்மணி. மகளின் தோழி வாணி. சேர அரசன் புருடோத்தமனை மனோன்மணி கனவில் காண்கிறாள். அவனும் இவளைக் கனவில் காண்கிறான். குடிலனின் சூழ்ச்சியால் திருமணம் பேசப் போன இடத்தில் போர் மூள்கிறது, பாண்டியன் தோற்கிறான். தோற்ற இரவில் குடிலனின் மகன் பலதேவனுக்கு மனோன்மணியைக் கட்டிவைக்க ஏற்பாடாகிறது. சுந்தர முனிவர் தோண்டிவைத்த சுருங்கை வழியே புருடோத்தமன் வந்து சேர, மனோன்மணி அவனுக்கு மாலையிடுகிறாள்.

இதைச் சைவ சித்தாந்த உருவகமாகப் படிப்பது நம் கல்விப்புலத்தின் பழக்கம். ஜீவகன் சீவன், குடிலன் அவனை மயக்கும் மாயை, முனிவர் குரு. அந்த வாசிப்புக்கு நாடகத்தில் ஆதாரம் இல்லாமல் இல்லை. ஜீவகன் என்ற பெயரே அதற்குச் சாட்சி. ஆனால் அப்படிப் படிக்கும்போது பெண்கள் எல்லோரும் தத்துவங்களாகிக் கரைந்துவிடுகிறார்கள். தத்துவத்தை யாரும் கட்டாயக் கல்யாணம் செய்துவைக்க முடியாது. வாணியைச் செய்துவைக்கப் பார்க்கிறார்கள். அதனால் நான் வாணி நிற்கும் இடத்திலிருந்து இந்த நாடகத்தைப் படிக்கிறேன்.

வாணி நடராசனை விரும்புகிறாள். அவள் தந்தை சகடனுக்கோ அமைச்சர் வீட்டுச் சம்பந்தத்தின் மேல் கண். பலதேவனுக்கு மகளைக் கொடுக்க நினைக்கிறான், மகள் மறுக்கிறாள். சகடன் என்ன செய்கிறான்? அரசனிடம் போய் முறையிடுகிறான். இந்த ஒரு நகர்வை நாம் வேகமாகக் கடந்துவிடக் கூடாது. வீட்டுக்குள் ஒரு பெண் சொன்ன மறுப்பு, அரசவையில் தீர்க்கப்பட வேண்டிய வழக்காகிறது. தந்தை தோற்ற இடத்தில் அரசன் தந்தையாகிறான். வாணி அரசனிடமும் அதையே சொல்கிறாள்: செத்தாலும் இதற்கு இசைய மாட்டேன். அழுது கெஞ்சும் பெண்ணின் பேச்சாக அதைச் சுந்தரம் பிள்ளை எழுதவில்லை. அவளுடைய வாக்கியங்கள் சிறியவை, நேரானவை. நல்லவன் என்று பெற்றோர் தேர்ந்தவனை மணப்பதே பெண்ணுக்கு அழகு என்ற வாதத்தை 1891இல் ஒரு நாடகாசிரியர் அரசன் பக்கத்தில் வைத்துவிட்டு, பார்வையாளரின் மனத்தை எதிர்ப்பக்கத்தில் உட்காரவைக்கிறார். இது சிறிய காரியம் அல்ல.

இதோடு தூதுப் படலத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சேரனிடம் மண ஓலை கொண்டுபோக நடராசனே தகுந்தவன் என்கிறார் முனிவர். குடிலன் தன் மகனை அனுப்பச் செய்கிறான். பலதேவன் எடுத்துச் செல்வது மனோன்மணியின் திருமணப் பேச்சையும் நாஞ்சில் நாட்டின் மீதான உரிமைப் பேச்சையும். ஒரே வாய், ஒரே அவை, ஒரே மூச்சு. பெண்ணும் நிலமும் ஒரு தூதில் அடங்கிவிடுகின்றன. கனவில் கண்டவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புருடோத்தமனுக்குத் தெரியாது. தன் பெயரால் போர் வரப்போகிறது என்று மனோன்மணிக்கும் தெரியாது. தூது போன இடத்தில் இல்லாதது அவள் குரல் மட்டும்தான்.

தருமபுரியில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது இன்னொரு தூது நினைவுக்கு வராமல் போகாது. பழைய தகடூர் எங்கள் ஊர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள் ஒரு பெண், ஒரு புலவர். ஔவை தன் சொல்லைத் தானே சுமந்து போனாள். புறநானூறு அதற்குச் சான்று. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நாடகத்தில் பெண் தூதின் பொருளாக மட்டும் இருக்கிறாள். நம் இலக்கிய வரலாற்றைப் படிப்படியான ஏற்றம் என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு தூதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வாணியின் மறுப்புக்கு நேர் எதிரில் மனோன்மணியின் சம்மதம் இருக்கிறது. தொடக்கத்தில் காதலைக் கேலி செய்து தவத்தை விரும்பியவள் அவள். பிறகு கனவில் ஒருவனைக் கண்டு நோயில் விழுந்தவள். தோற்றுப்போன தந்தை பலதேவனை மணக்கச் சொல்லும்போது கனவை உள்ளே புதைத்துவிட்டுச் சரி என்கிறாள். அந்த வேளையில் தனக்காக எதையும் கேட்காதவள், வாணியையும் நடராசனையும் சேர்த்துவைக்கும்படி மட்டும் கேட்கிறாள். தன் விடுதலை கைவிட்டுப் போகும் நேரத்தில் தோழியின் விடுதலையை வாங்கித் தருகிறாள். பெண் நட்பைப் பற்றித் தமிழ் நாடகத்தில் எழுதப்பட்ட மிக உயர்ந்த இடங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தியபோது பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "வாணி தனக்கே கேட்டப்ப ராஜா குடுக்கல. இளவரசி கேட்டா குடுக்கறாரு. அப்போ அவ சொன்ன மாட்டேனுக்கு என்ன மதிப்பு மேம்?"

நாடகத்தின் மீதான மிகச் சரியான விமர்சனம் அது. வாணியின் மறுப்பு தானாகவே போதுமானதாக இல்லை. அது செல்லுபடியாக இன்னொரு பெண்ணின் பலி விலையாகிறது. அந்தப் பலியையும் நாடகம் கடைசி நிமிடத்தில் சுருங்கை வழியாக வந்து காப்பாற்றிவிடுகிறது. அடங்கிப்போன மகளுக்குக் கனவில் கண்டவனே பரிசாக வந்துவிட்டால், அடங்கியது சரிதான் என்று ஆகிவிடாதா? எங்கள் மாவட்டத்தில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது; அது ஏன் வந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொட்டில்களின் காலத்தில் பிறந்து, பிழைத்து, கல்லூரிவரை வந்த பெண்கள்தான் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டு விடுமுறைக்குப் போனவள் தாலியோடு திரும்புவதும், திரும்பாமலே போவதும் அவர்கள் கண்ணால் காண்பவை. அவர்களுக்காக எந்தச் சுருங்கையும் தோண்டப்படவில்லை.

அதனால்தான் நாடகத்துக்குள் வரும் 'சிவகாமி சரித'த்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். கோல்ட்ஸ்மித்தின் 'துறவி' என்ற பாட்டைத் தழுவியது. பிரிந்துபோன காதலனைத் தேடிக் காடு புகும் ஒரு பெண்ணின் கதை. வாணி இதை மனோன்மணிக்குப் பாடிக்காட்டுகிறாள். கன்னிமாடத்தில் அடைந்திருக்கும் இரண்டு பெண்கள், தன் காலால் நடந்து போன மூன்றாவது பெண்ணைப் பாட்டில் வரவழைக்கிறார்கள். நாடகத்தின் கதைக்குள் கிடைக்காத வெளி, பாட்டுக்குள் கிடைக்கிறது. கதையை நகர்த்தாத இடைச்செருகல் என்று இதைத் தள்ளினால், இந்தப் பெண்கள் தங்களுக்கென்று வைத்திருந்த ஒரே சன்னலைச் சாத்திவிட்டதாக ஆகும்.

1942இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் இந்தக் கதையை 'மனோன்மணி' என்று படமாக்கியது. டி. ஆர். சுந்தரம் இயக்கம், பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். மக்களிடம் போவதற்கு அப்படி ஒரு வழி இருந்தது. இன்னொரு வழியும் உண்டு என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் துகிலுரிதல் கூத்து நடக்கும் இரவுகளில், சபையைப் பார்த்துத் திரௌபதி கேட்கும் கேள்விக்காகக் கண்விழித்து உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் அறிவேன். அரசர்கள் கூடிய அவையில் ஒரு பெண் எதிர்த்துப் பேசுவதைக் கேட்க அவர்களுக்கு முன்னுரை தேவைப்படுவதில்லை. வாணி அரசனோடு பேசும் களத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். அகவலின் நடை, பொருள் விளங்காத சொல்லையும் தன் வேகத்தில் தூக்கிக்கொண்டு போகும். படிக்க மட்டுமே ஆன நாடகம் என்பது நாம் அதை வாய்விட்டுப் படிக்காததால் வந்த பேச்சு.

வாழ்த்துப் பாட்டில் நிலம் பெண்ணாகிறது. கடல் அவள் உடை, பாரதம் முகம், திராவிட நாடு நெற்றித் திலகம். அழகான உருவகம்தான். ஆனால் அதே புத்தகத்தின் உள்ளே ஒரு பெண், தன் உடம்பு எவருடைய நாடும் இல்லை என்பதை அரசனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நிற்கிறாள். நிலத்தைப் பெண்ணாக்கிப் பாடிய வரிகளுக்கு எழுந்து நிற்கிறோம். பெண் தனக்காகப் பேசிய வரிகளுக்கு உட்கார்ந்தாவது படிக்கலாம்.