தப்பு நடந்தால் யாருக்கு நஷ்டம்?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா வழவழவென்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் விளம்பரக் கையேடு. "ஏந்தம்பி, இதுல எல்லாமே செய்முறைதான்னு போட்டிருக்குது. படிச்சு முடிச்ச கையோட வேலைக்குத் தயாராயிருவாங்களாமா. நாலு வருசத்துக்குப் பணம் கட்டலாமா, வேண்டாமா?"

மருமகன் பன்னிரண்டாவது முடித்திருக்கிறான். கட்டப்போகும் பணம் அக்கா வீட்டில் சும்மா கிடக்கும் பணம் இல்லை. கையேட்டைப் புரட்டினேன். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை "செய்முறை" வருகிறது. ட்ரோன் படம், முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் படம், ரோபோ கையின் படம் எல்லாம் இருக்கின்றன. படத்தில் நிற்கும் ஒரு மாணவன் கையிலும் கிரீஸ் இல்லை.

அக்காவுக்கு அன்றைக்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பெங்களூருக்கு வண்டி ஏறிவிட்டேன். அந்த யோசனைதான் இந்தப் பதிவு.

0.98

நான் 2002-ல் மெக்கானிக்கல் பி.இ. முடித்தவன். வேலைச் சந்தை படுத்திருந்த நேரம். கிடைத்த கதவு மென்பொருள், அதில் நுழைந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் படிப்பிலும் செய்முறைக்குக் குறைவில்லை. வாரத்தில் இரண்டு, மூன்று மதியங்கள் ஆய்வகத்தில்தான் கழியும்.

திரவ இயக்கவியல் ஆய்வகத்தில் வெஞ்சுரிமீட்டர் சோதனை ஒன்று உண்டு. குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, அழுத்த வேறுபாட்டை அளந்து, வெளியேற்றக் கெழுவைக் கணக்கிட வேண்டும். விடை 0.98-க்குப் பக்கத்தில் வர வேண்டும். எங்கள் மீட்டரில் அது வரவே வராது, எங்கோ கசிவு. அதனால் நாங்கள் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அளவீடுகளை எழுதிக்கொள்வோம். ரெக்கார்டு நோட்டில் எல்லோருக்கும் 0.98. கையெழுத்தும் விழும், மதிப்பெண்ணும் விழும்.

கசிவு எங்கே என்று யாரும் தேடவில்லை. தேடியிருந்தால் அதுதான் அந்த வருடத்தின் ஒரே உண்மையான சோதனையாக இருந்திருக்கும். தேடவேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. தப்பான அளவீட்டால் யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது.

693 அடி

அதே வருடங்களில் விடுமுறைக்கு மாமாவின் போர் வண்டிக்குப் போவேன். திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க, ஆப்பிரிக்கா வரைக்கும் போய்த் துளை போடுவதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். வேலை நடப்பது காற்றால். கம்ப்ரசரிலிருந்து ராடு வழியாக இறங்கும் அழுத்தக் காற்று அடியில் இருக்கும் ஹேமரை இயக்கும். ஹேமர் பிட்டை அடிக்கும். வெளியேறும் காற்று உடைந்த கல்தூளை மேலே தள்ளிக்கொண்டு வரும். 1100 சி.எஃப்.எம்., 300 பி.எஸ்.ஐ. கம்ப்ரசர் என்பது இந்தத் தொழிலில் சாதாரணமாகக் காதில் விழும் எண்.

ஒருநாள் ஆழத்தில் நல்ல தண்ணீர் பட்டது. ஏதோ பழுதுக்காக வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் காற்று மேலே வரவில்லை. கம்ப்ரசர் முக்குகிறது, துளை வாயில் சத்தமே இல்லை. மாமா பதறவில்லை. "தண்ணி ஏறி நின்னுக்கிச்சு மாப்ள. பாதி ராடை மேல தூக்கி, இருக்கற தண்ணிய ஊதித் தள்ளிட்டு, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா எறக்கோணும்" என்றார். அப்படியே செய்தார்கள். முதலில் சேறு, பிறகு தண்ணீர், பிறகு காற்று என்று பீறிட்டு வந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தம் 2.31 அடி உயரத் தண்ணீரைத் தாங்கும். 300-ஐ 2.31-ஆல் பெருக்கினால் 693 அடி. பிட்டுக்கு மேலே 693 அடித் தண்ணீர் நின்றால் அந்தக் கம்ப்ரசரால் ஒரு குமிழிகூட வெளியே விட முடியாது. 600 அடி நின்றால் 260 பி.எஸ்.ஐ. தண்ணீரைத் தள்ளுவதற்கே போய்விடும். ஹேமருக்கு மிஞ்சுவது 40. ராடைத் தூக்கினால் பிட்டுக்கு மேலே நிற்கும் தண்ணீர் குறைகிறது. மாமா செய்தது அவ்வளவுதான். நான் அரைப் பக்கத்தில் தேர்வு எழுதிய அதே சமன்பாடு.

மாமாவுக்குச் சமன்பாடு தெரியாது, வேலை தெரியும். எனக்குச் சமன்பாடு தெரியும். அது எங்கே உதவும் என்று தெரியாது. மறுநாள் 693 கணக்கைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்ப எத்தன அடி தண்ணிக்கு பூஸ்டர் வேணும்னு முன்னாலயே சொல்லீரலாமா?" என்று கேட்டார். சொல்லலாம். நாலு வருடப் படிப்பில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் பொறியியல் கேள்வி அது. தப்பாகச் சொன்னால் ஹேமரும் ராடும் குழிக்குள் மாட்டிக்கொள்ளும், நஷ்டம் மாமாவுக்கு. இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

செய்முறை என்றால் என்ன என்பதற்கு என்னிடம் இருக்கும் விளக்கம் இதுதான்: விடை முன்கூட்டியே தெரியாத வேலை; தப்பு நடந்தால் யாரோ ஒருவருக்கு நஷ்டம் வரும் வேலை. கையால் செய்கிறோமா, கணினியில் செய்கிறோமா என்பது இரண்டாம் பட்சம்.

பாடத்திட்டத்தை வாசித்தால்

இந்த அளவுகோலோடு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட ஒழுங்குமுறையை எடுத்து வாசித்தேன். 2021-லிருந்து சேலம், நாமக்கல் பக்கத்து இணைப்புக் கல்லூரிகள் பலவற்றுக்கு இதுதான் சட்டகமாக இருந்தது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் எல்லாத் துறைக்கும் பொறியியல் பயிற்சி ஆய்வகம் இருக்கிறது: குழாய் வேலை, மரவேலை, ஒயரிங், வெல்டிங், சால்டரிங். கடைசிப் பருவத்தில் புராஜெக்டுக்குப் பதிலாக நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்யவும் இடம் இருக்கிறது. இதோடு 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகளும் சேர்ந்துகொண்டன. எங்கள் காலத்தில் இவ்வளவு இல்லை.

ஆனால் எல்லாமே மணிக்கணக்கிலும் சான்றிதழ்க் கணக்கிலும் அளக்கப்படுகின்றன. ஆய்வகப் பாடத்தில் 100-க்கு 60 மதிப்பெண் கல்லூரியே போடும் அகமதிப்பீடு. மணி கூடினாலும், விடை தெரிந்த சோதனை விடை தெரிந்த சோதனைதான். 0.98 இன்றைக்கும் 0.98 ஆகத்தான் வந்துகொண்டிருக்கும். கடைசிப் பருவப் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பது ஒன்றும் ரகசியமில்லை. பெரிய ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் போர்டே தொங்கும்.

இன்னொரு பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. "தொழிலுக்குத் தேவையானதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்" என்ற கோரிக்கை. நான் படித்தபோது தனியார் மையங்களில் விஷுவல் பேசிக் 6-க்குக் கூட்டம் அலைமோதும். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-ல் நிறுத்தியது. ஃப்ளாஷ் கற்றவர்களுக்கு 2020 டிசம்பரோடு கதை முடிந்தது. கருவியை மட்டும் பழக்கிவிடும் படிப்பு, கருவியோடு சேர்ந்து சாகும். 2.31 சாகாது.

கோவையில் நடந்தது

இந்த வாதம் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. பள்ளிப் படிப்பே அதிகம் இல்லாத ஜி.டி. நாயுடு 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அது. பொறியாளர் ஆக நாலு வருடம் வீண், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். நாலா, இரண்டா என்பதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆனால் வருடத்தை எண்ணாதே, என்ன செய்ய முடிகிறது என்று பார் என்ற அவருடைய கோணம் இன்றைக்கும் செல்லும்.

பி.எஸ்.ஜி.யின் வரிசையைக் கவனியுங்கள். 1926-ல் தொழிற்கூடம். பிறகு பாலிடெக்னிக். 1951-ல்தான் பொறியியல் கல்லூரி. மோட்டாரும் பம்பும் செய்து விற்கும் பட்டறை முதலில், பட்டம் கடைசியில். தொழிற்பயிற்சியோடு கலந்த ஐந்தாண்டு சாண்ட்விச் பி.இ. அங்கே வந்ததில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-ல் தொடங்கிய கூட்டுறவுப் படிப்பும் இதே எண்ணம்தான்: மாணவன் மாறி மாறி வகுப்பிலும் ஆலையிலும் இருப்பான். ஆலையில் அவன் கெடுக்கும் பொருளுக்கு ஒரு விலை உண்டு.

நம் பகுதியில் வரிசை தலைகீழ். ரிக், லாரி பாடி கட்டுதல், விசைத்தறி, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை என்று தொழில் ஊரெல்லாம் இருக்கிறது. கல்லூரியும் ஊரெல்லாம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே காம்பவுண்டுச் சுவர்.

அதே நாமக்கல்லில்

ஊரில் எல்லாப் படிப்பும் இப்படி இல்லை. நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தரை வருடம். அதில் கடைசி ஒரு வருடம் முழுக்க உள்ளிருப்புப் பயிற்சி. அதை முடிக்காமல் மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் விவசாயி பக்கத்தில் நிற்கிறார், மாடு நிற்கிறது, மாணவனின் கை உள்ளே இருக்கிறது. பின்னோக்கிக் கணக்குப் போட்டு 0.98 கொண்டுவர வழியே இல்லை. மூத்த மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார், அதுவும் முக்கியம்.

ஒரே மாவட்டம், ஒரே மாதிரிப் பையன்கள். ஏன் இந்த வித்தியாசம்? மருத்துவத்துக்குச் சட்டப்படி ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு உண்டு. கட்டடக் கலைஞருக்கும் 1972 சட்டம் உண்டு. மென்பொருள் எழுதும் என்னையும், வண்டிக்குச் சேசிஸ் வடிவமைக்கும் பொறியாளரையும் அப்படிப் பதிவு செய்யச் சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. யாரும் கேட்காத இடத்தில் செய்முறை, கையேட்டின் படமாகச் சுருங்கிவிடுகிறது.

சுண்ணாம்புக்கல் கணக்கு

இரண்டு வருடம் முன்பு புதியவர்களை நேர்காணல் செய்துகொண்டிருந்தேன். நாமக்கல் பக்கத்துப் பையன் ஒருவன். விண்ணப்பத்தில் சான்றிதழ் வரிசை. எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "நீ செஞ்சதுல எது உடைஞ்சுது?"

கொஞ்ச நேரம் தயங்கினான். பிறகு விண்ணப்பத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னான். பெரியப்பாவின் கோழிப்பண்ணைக்குத் தீவனக் கலவை கணக்கிட ஒரு நிரல் எழுதியிருக்கிறான். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக்கல். புரதம் இவ்வளவு, கால்சியம் இவ்வளவு, மொத்தச் செலவு குறைவாக வர வேண்டும். 1947-ல் டான்ட்சிக் வழி கண்டுபிடித்த நேரியல் நிரலாக்கக் கணக்கு. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் மூன்றரை முதல் நாலு சதவீதம் இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சியம் அளவை இவன் கூட்டிப் பதிந்துவிட்டதால், நிரல் கல்லைக் குறைத்துவிட்டது. முட்டை ஓடு மெலிந்து, தட்டில் அடுக்கும்போதே விரிசல். "பெரியப்பா ஒரு வாரம் எங்கூடப் பேசலைங்க சார்" என்றான்.

"அப்புறம்?"

"ஒவ்வொரு பொருளுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை வச்சேன். தாண்டுனா நிரல் நின்னுரும். அப்பறம் ரெண்டு மூட மட்டும் கலந்து பாத்துட்டுத்தான் மொத்தமாக் கலக்கறது."

எங்கள் அலுவலகத்தில் மூன்று வருட அனுபவசாலிகளுக்கும் நான் சொல்லிக்கொடுக்கப் போராடும் இரண்டு பழக்கங்களை இவன் ஒரு விரிசல் விட்ட முட்டையில் கற்றிருந்தான். வேலைக்கு எடுத்தோம். கல்லூரி அந்த நிரலுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கொடுக்கவில்லை. புராஜெக்டாக ஏற்கவும் இல்லையாம்.

மாணவர்களின் தப்புக்கு ஊர்க்காரர்கள் காசு கொடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதற்குத்தான் பக்கத்தில் ஒரு மூத்தவர், அதற்குத்தான் இரண்டு மூட்டை. நஷ்டம் சின்னதாக இருக்கலாம், பூஜ்யமாக இருக்கக் கூடாது.

அக்காவுக்கு

நேற்று போன் செய்து சொன்னேன். அந்தக் கல்லூரியை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நேரில் போய் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். போன வருடம் மாணவர்கள் செய்ததில் வெளியே யாராவது இன்றைக்கும் பயன்படுத்தும் பொருள் ஒன்றைக் காட்டுவீர்களா? ஆய்வகத்தில் எதிர்பார்த்த விடை வராவிட்டால் மாணவன் ரெக்கார்டில் என்ன எழுதுவான்? பாடம் எடுப்பவர்களில் பட்டறையிலோ நிறுவனத்திலோ வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்?

"இதெல்லாம் கேட்டா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா தம்பி?" என்றார் அக்கா.

"கோவிச்சுக்கிட்டா அதுவும் ஒரு பதில்தானுங்க்கா."

வருகிற சனிக்கிழமை போகிறார்கள். அதுவரை மருமகனைச் சும்மா இருக்க வேண்டாம், மாமாவின் வண்டிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் ஏறி நின்றால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும். 693-ஐ நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.