வெட்டி எறிந்த விளிம்பு

1927-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்துப் பொது நூல் நிலையத்திலே இரண்டு பேர் பூகோள உருண்டை ஒன்றின் முன் நின்று, ஒரு நூலின் ஒரு நுனியை நியூயார்க்கிலும் மறு நுனியைப் பாரிஸிலும் வைத்து இழுத்துப் பிடித்து, இடையே கிடந்த தூரத்தை அளந்தார்கள். சுமார் 3,600 மைல் என்று கணக்காயிற்று. அளந்தவர்களில் ஒருவர் இருபத்தைந்து வயது விமானி சார்லஸ் லிண்ட்பர்க். மற்றவர் அவருக்கென்று விமானத்தை அமைத்துக்கொண்டிருந்த டொனால்ட் ஹால். அந்த நூல் கிடந்த வழியே, அதே வருஷம் மே மாதம் 20-ஆம் தேதி காலையில் கிளம்பி, மறுநாள் இரவு பாரிஸை அடுத்த லெ பூர்ஜே மைதானத்தில் லிண்ட்பர்க் தன்னந்தனியாக வந்து இறங்கினார். அடுத்த ஆண்டில் நியூயார்க்கிலுள்ள ஜான் டே என்ற பிரசுராலயம், எர்னஸ்ட் கிளெக் என்ற சித்திரக்காரரைக் கொண்டு அவருடைய ஆகாயப் பிரயாணங்களை ஒரு தேசப்படமாக எழுதுவித்து வெளியிட்டது. நூலாக இருந்தது கோடாயிற்று. கணக்காக இருந்தது சித்திரமாயிற்று.

இவ்வகை ஞாபகார்த்தப் படங்களின் ருசியை அறிய வேண்டுமானால், விமானி கையில் வைத்திருந்த படம் எப்படிப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நானூற்றைம்பது காலன் பெட்ரோலைச் சுமந்துகொண்டு, ஒற்றை எஞ்சின் பலத்தில் எழும்ப வேண்டிய விமானம் அது. முன்பக்கம் பார்க்க ஜன்னல்கூட இல்லாதபடி பெட்ரோல் தொட்டியே எதிரே அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ராத்தலுக்கும் கணக்குப் பார்த்த அவர், ரேடியோவை வேண்டாம் என்றார். பாரஷூட்டை வேண்டாம் என்றார். மெத்தை வைத்த ஆசனத்துக்குப் பதிலாகப் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கடைசியில், தம் தேசப்படங்களில் தமக்கு வேண்டாத ஓரங்களையும் கத்தரித்து எறிந்தார். காகித விளிம்பின் எடை எவ்வளவு இருந்துவிடப் போகிறது என்று நாம் சிரிக்கலாம். உயிரைப் பணயம் வைத்தவனுக்கு அந்தச் சிரிப்பு வராது. அவனுக்குத் தேசப்படம் என்பது வழி. வழியல்லாத எதுவும் பாரம்.

ஞாபகார்த்தப் படமோ அந்த விளிம்பிலேதான் உயிர் வாழ்கிறது. அலங்காரக் கரை, தலைப்பைத் தாங்கும் சித்திரச் சட்டம், திசைகளைக் காட்டும் நட்சத்திரச் சக்கரம், மடிந்து நெளியும் நாடாவின் மேல் எழுத்து, ராஜ்யங்களின் சின்னங்கள் முதலிய யாவும் இந்த மரபின் அங்கங்கள். பிரயாணிக்கு இவற்றால் காலணா பிரயோஜனம் இல்லை. புடவைக்குக் கரை எப்படியோ அப்படி, உடுத்துவதற்கு அது அவசியமில்லையென்றாலும், கரையைப் பார்த்துத்தான் புடவையை மதிப்பிடுகிறோம்.

இந்த அலங்காரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சமுத்திரங்கள் அளக்கப்படாத காலத்தில் படம் எழுதியவர்கள், தெரியாத இடங்களை வெற்றிடமாக விட மனமில்லாமல், அங்கே திமிங்கிலங்களையும் பூதாகாரமான மீன்களையும் பாய் விரித்த கப்பல்களையும் எழுதி நிரப்பினார்கள். அளவுக் கருவிகள் வந்தன. சங்கிலி போட்டு நிலத்தை அளந்தார்கள். பூதங்கள் ஒவ்வொன்றாக ஓடிப்போயின. தேசப்படம் கணக்குப் புஸ்தகம் போல வறண்டுவிட்டது. பிறகு 1914-இல் மாக்டொனால்ட் கில் என்பவர் லண்டன் சுரங்க ரயிலுக்காக வேடிக்கைச் சித்திரங்களும் சிலேடைகளும் மலிந்த ஒரு நகரப் படத்தை எழுதினார். அதன் முன் நின்று ரசித்துக்கொண்டே ரயிலைத் தவறவிட்டவர்கள் உண்டு என்று சொல்வார்கள். அதன்பின் இரு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட வருஷங்களில் சித்திர தேசப்படம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனிக் கலையாகவே தழைத்தது. முற்காலத்தில் அறியாமையை மறைக்க வந்த அலங்காரம், இப்போது எல்லாம் அறிந்த பின்னர், வெறும் பிரியத்தினால் திரும்பி வந்தது என்பதுதான் இதில் விசேஷம்.

கிளெக் ஆங்கிலேயராய்ப் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்தியவர்; அழகெழுத்துக் கலையில் தேர்ந்த கை அவருடையது. அத்தகைய கையினால் எழுதப்பட்ட படத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நாலடி தள்ளி நின்று, நிலத்தின் நிறமும் நீரின் நிறமும் ஒன்றையொன்று அமுக்காமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு கிட்டே வந்து எழுத்தைப் பார்க்க வேண்டும். அச்சுக்கோத்த எழுத்து எங்கும் ஒரே முகத்தோடு நிற்கும்; கையெழுத்தோ, கடற்கரையின் வளைவுக்கு ஒதுங்கி, தீவுகளுக்கு இடையே நுழைந்து, இடமிருந்தால் அகன்று, நெருக்கடியில் குறுகி, ஒரு நல்ல சங்கீத வித்வான் சாகித்தியத்தின் அசைகளைத் தாளத்துக்குள் அடக்குவது போலப் பெயர்களை இடத்துக்குள் அடக்கும். படம் எழுதுகிறவனுடைய தரம் பெரிய சித்திரங்களில் அல்ல, இந்தச் சின்ன ஊர்ப் பெயர்களில்தான் வெளிப்படுகிறது.

கடைசியாக, கோடு. சமமான காகிதத்தில் நியூயார்க்குக்கும் பாரிஸுக்கும் இடையே அடிக்கோல் வைத்து இழுப்பவன் கடலின் நடுவே நேராகப் போய்விடுவான். மெய்யான குறுக்கு வழியோ, பூமி உருண்டை என்பதனால், நோவா ஸ்கோஷியாவையும் நியூபவுண்ட்லாந்தையும் தொட்டு, பாரிஸுக்கும் வடக்கே அயர்லாந்தின் டிங்கிள் விரிகுடாவரை ஏறி, அங்கிருந்து தெற்கே சரிகிறது. லிண்ட்பர்க் இந்த வளைவை நூறு நூறு மைல்களாகத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் திசைகாட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டு, தூக்கத்தோடும் மூடுபனியோடும் மல்லாடி, குறித்த வழியிலிருந்து சில மைல்களே விலகியவராய் அயர்லாந்தின் கரையைக் கண்டார். நாம் ஒரே வில்லாகக் காண்பது அவருக்கு முப்பத்து மூன்றரை மணி நேரத்துச் சின்னச் சின்னத் தீர்மானங்களின் தொகுதி.

ஞாபகார்த்தப் படத்தில் கோடு ஒருபோதும் தடுமாறுவதில்லை என்பதை ஒரு குறையாகவும் சொல்லலாம். 1927 டிசம்பரில் வாஷிங்டனிலிருந்து மெக்ஸிகோ நகருக்குப் பறந்தபோது லிண்ட்பர்க் வழி தவறினார். தாழப் பறந்து ரயில் நிலையங்களின் பலகைகளைப் படித்துப் பார்த்து, 'கபாயெரோஸ்' என்ற சொல்லை ஊர்ப் பெயராக எண்ணிக்கொண்டு தம் படத்தில் தேடினார். அது ஆண்களின் கழிப்பிடத்தைக் குறிக்கும் பலகை! லிண்ட்பர்க்கின் பாரிஸ் பிரயாணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, மே மாதம் 8-ஆம் தேதி, பாரிஸிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பிய நுங்கெஸர், கொலி என்ற இரு பிரெஞ்சு வீரர்கள் சென்ற இடம் தெரியாமலே போயினர். முடிவு தெரியாத பிரயாணத்துக்கு யாரால் கோடு போட முடியும்? புகழின் உச்சியில் இருந்த 1928-ஆம் வருஷத்து லிண்ட்பர்க்கைத்தான் இந்தக் காகிதம் அறியும். பிற்காலத்தில் அமெரிக்கா இரண்டாம் உலக யுத்தத்தில் இறங்கக் கூடாதென்று மேடையேறிப் பேசி, நாட்டார் பலருடைய வெறுப்புக்கு ஆளான லிண்ட்பர்க்கை அது அறியாது.

ஆனாலும் நான் இவ்வகைப் படங்களை விரும்புகிறேன். தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடித்தவர்களின் கொப்புளங்களை யாரும் எழுதி வைப்பதில்லை. கோலம் போட்டு விளக்கேற்றுகிறார்கள். பறந்தவனுக்கு விளிம்பு பாரமாயிருந்தது. அதை அவன் கத்தரித்து எறிந்ததனாலேயே அக்கரை சேர்ந்தான். வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் அந்த விளிம்பைத் தேடி எடுத்து, பொறுமையாக அதில் பூவேலை செய்து, அவனுடைய வழியைச் சுற்றி மறுபடியும் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்.