எழுதுவது யார்?

1998இல் பெவர்லி கேனும் டானியல் சாண்ட்ஸும் அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கத்திற்காக, நோயாளரும் வைத்தியரும் மின்னஞ்சலில் பேசுவதற்கான நெறிமுறைகளை எழுதினர். அவசரத்திற்கு மின்னஞ்சல் கூடாது. விடயத்தைத் தலைப்பிலேயே குறிக்கவேண்டும். வைத்தியரைத் தவிர வேறு யார் வாசிப்பர் என்பதை நோயாளருக்குச் சொல்லவேண்டும். இன்றும் தேவையானவைதான்.

வாசிப்பவர் யார் என்று கேட்ட இந்த அக்கறை, எழுதுபவர் யார் என்பதிலும் இருந்திருக்க வேண்டும் என்பதே எனது விமர்சனம்.

அம்மாவின் மின்னஞ்சல்களை நான்தான் எழுதினேன். மாதவிடாய் நின்றபின் கண்ட இரத்தப்போக்கை மகனிடம் சொல்லக் கூசி, 'வயிற்றுக்குத்து' என்றார். அதையே பிழையற்ற நொர்வேஜிய மொழியில் அனுப்பினேன். குளிசை வந்தது. இரண்டு மாதங்கள் கழித்து நேரில் போனபோது, பெண் மொழிபெயர்ப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

வைத்தியர் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: இதை எழுதுவது யார்?