ஓநாய்ப் பெண்ணும் வினைமுற்று விகுதியும்

ஓநாயாக உருமாறும் மனிதரைக் குறிக்கும் 'வேர்வுல்ஃப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலுறுப்பு, பழைய ஆங்கிலத்தில் ஆண்மகனைச் சுட்டிய 'வெர்' என்பதே எனப் பெரும்பாலோர் கொள்வர். ஆகவே பெண் வேர்வுல்ஃப் என்பது சொல்லளவிலேயே முரண். கனடிய எழுத்தாளர் கெல்லி ஆம்ஸ்ட்ராங்கின் 'பிட்டன்' (2001) இம்முரணையே கதையாக்கியது. அந்நாவலில் ஓநாய்த்தன்மை தந்தையிடமிருந்து மகனுக்கே இறங்கும். காதலனால் கடிபட்டுப் பிழைத்த எலெனா அவ்வினத்தின் ஒரே பெண். கிளெமென்ஸ் ஹவுஸ்மனின் நூலில் (1896) ஓநாய்ப் பெண் அழிக்கப்பட வேண்டிய தீமை. அமானுடக் காதற்புனைவில் அவளே கதை சொல்பவள்.

இம்மாற்றம் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சலுகை. 'ஓடினேன்' என்னும் தன்மை வினை பெண்ணுக்கும் ஓநாய்க்கும் பொருந்தும். தொல்காப்பியர் தன்மையை உயர்திணைப்பாற்படுத்தினார். நன்னூலார் இருதிணைப் பொது என்றார். இந்நாவல்கள் நன்னூலார் பக்கமே நிற்கின்றன.

சிக்கல் படர்க்கையில் எழுகிறது. ஆங்கிலத்தின் 'ஷி' பெண்ணையும் பெண்விலங்கையும் ஒருங்கே சுட்டும். அவள் எந்நொடியில் எதுவாக இருக்கிறாள் என்பதை அது கூறுவதில்லை. எலெனாவை ஓநாயுருவில் காணும் பிறர் பேச்சைத் தமிழாக்கும்போது 'வந்தாள்' என்பதா, 'வந்தது' என்பதா? ஆங்கிலம் மறைத்ததைத் தமிழ் விகுதி வெளிப்படுத்தியே தீரும். உடல் மாறியவுடன் விகுதியையும் மாற்றுவது எளிது. ஆயின் அது பிழை. ஓநாயுருவிலும் எலெனா நினைவும் சிந்தனையும் உடையவள். உயர்திணைக்குரிய மக்கட்சுட்டு என்பதை உடலமைப்பாக அன்றி, மக்களெனக் கருதும் கருத்தாகக் கொள்வதே தகும். எனவே அவளை அறிந்தோர் வாயில் 'ஆள்' விகுதியும், அறியாதார் வாயில் 'து' விகுதியும் வரவேண்டும். பகைவன் அறிந்தே 'அது' என்பானாயின், மூலத்தில் இல்லாத ஓர் இழிப்பைத் தமிழ் சேர்த்துவிடும். அவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் தயங்குதல் நன்று.

பெயர்ச்சொல்லிலும் இடர் உண்டு. 'ஓநாய் மனிதன்' என்னும் வழக்கு இங்குப் பயன்படாது. பெண்நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வசையும் ஆதலின், இவ்வகைப் புனைவு அச்சிலேடையைக் கைவிடுவதில்லை. தொல்காப்பிய மரபியல் நாயின் பெண்மைக்குப் பிணவு, பாட்டி என்னும் பெயர்களைத் தருகிறது. வசையற்ற பெயர்கள், ஆயின் இன்று பாட்டி என்றால் வாசகர் வேறொருவரை எண்ணுவர். 'பிணவு' மீட்கத்தக்கது, சிலேடை கழிந்தாலும்.

பட்ரிசியா பிரிக்ஸின் 'மூன் கால்ட்' (2006) நாவலின் தலைவி மெர்சி, கார் பழுதுபார்ப்பவள்; கொயோட்டியாக உருமாறுபவள். ஓநாய்களிடை வளர்ந்தும் ஓநாயாகாதவள். இவளை 'நரி' எனப் பெயர்த்தால் அமெரிக்கப் பழங்குடிக் கதைகளில் கொயோட்டிக்குள்ள சூழ்ச்சித்திறம் தமிழில் தானே வந்தமையும். விலங்கு மட்டும் வேறாகிவிடும். அக்கதைகளில் கொயோட்டி வெறும் விலங்கன்று, பெயருடைய பாத்திரம். ஆதலின் 'கொயோட்டி' எனவே வைத்து, முதல் இடத்தில் ஓநாயினும் சிறியது என ஒரு தொடர் சேர்ப்பதே போதும்.