வீரபாண்டிய கட்டபொம்மன் (திரைப்படம்): ஒரு மதிப்பீடு

வீரபாண்டிய கட்டபொம்மன் 1959-ல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். பி.ஆர். பந்துலு இயக்கிய இப்படம் சிவாஜி நாடக மன்றம் 1957 முதல் நடத்திவந்த மேடை நாடகத்தை அடிப்படையாகக் கொண்டது. நாடகத்தை எழுதிய சக்தி டி.கே. கிருஷ்ணசாமியே படத்துக்கும் வசனம் எழுதினார். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகவும் ஜி. ராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் தேர்வாயினர்.

மேடையிலிருந்து திரைக்கு

படம் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. கோட்டையும் குதிரைப்படையும் மேடையில் காட்ட முடியாத விரிவைத் தந்தன. ஆயினும் படத்தின் உயிர் போர்க்காட்சிகளில் இல்லை, வசனத்தில் இருக்கிறது. கட்டபொம்மனும் ஜாக்சன் துரையும் (சி.ஆர். பார்த்திபன்) நேருக்கு நேர் பேசும் காட்சி அதன் உச்சம். காமிரா பெரும்பாலும் நடிகரின் முகத்தையும் குரலையும் நம்பி நிற்கிறது. இது குறையன்று. நாடகத்தின் வலு எதுவென்று பந்துலு அறிந்திருந்தார்.

வரி பற்றிய வாதம்

அக்காட்சியில் கட்டபொம்மன் உழவு வேலைகளை அடுக்கி, அவற்றில் பங்கெடுக்காதவனுக்கு வரி எதற்கு என்று கேட்கிறான். பார்வையாளர் மனத்தில் உடனே தைக்கும் கேள்வி இது. ஆனால் இதே கேள்வியை ஆர்க்காட்டு நவாபிடமும் கேட்கலாம். குடிகளிடம் வரி பெற்ற பாளையக்காரரிடமும் கேட்கலாம். அந்தத் திசையில் படம் செல்வதில்லை. அந்நியன், சுதேசி என்ற எதிர்நிலையிலேயே வாதம் முடிந்துவிடுகிறது.

விடுபட்ட முன்கதை

பாஞ்சாலங்குறிச்சியில் வரி கேட்கும் உரிமை கம்பெனிக்கு எப்படி வந்தது? அதன் தொடக்கம் வடக்கே, இன்று பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி போன்ற ஊர்களில் நடந்த போர்களில் இருக்கிறது. நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதியபோது கம்பெனி முகமது அலியின் பக்கம் நின்றது. 1751 டிசம்பரில் ஆரணியில் ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபைத் தோற்கடித்தார். பதவி பெற்ற முகமது அலி பின்னர் கம்பெனியிடம் பெருங்கடன் பட்டார். 1792 ஒப்பந்தம் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்கு அளித்தது. ஜாக்சன் அந்த உரிமையோடு வந்த அதிகாரி.

1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். பின்னர் விசாரணை நடத்திய கம்பெனி, ஜாக்சனையே பதவியிலிருந்து நீக்கியது. ஆனாலும் வசூல் நிற்கவில்லை. அடுத்து வந்த லூஷிங்டன் காலத்தில் பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்டது; 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். சிக்கல் ஒரு துரையின் ஆணவத்தில் மட்டும் இல்லை, கடனிலும் ஒப்பந்தத்திலும் வேர்கொண்டிருந்தது என்பதை இது காட்டுகிறது. மேடைக்கு எதிரே நிற்கும் ஒரு மனிதன் தேவை. ஒப்பந்தத்தோடு வாள் சுழற்ற முடியாது.

மதிப்பீடு

தமிழர் பலருக்குக் கட்டபொம்மனின் முகமும் குரலும் சிவாஜி கணேசனுடையவையே. அது நடிப்பின் வெற்றி. அதனாலேயே படத்தை வரலாற்று நூலாகக் கொள்ளாமல், விடுதலைக்குப் பிறகான முதல் தலைமுறை தன் கடந்தகாலத்தை எவ்வாறு காண விரும்பியது என்பதற்கான ஆவணமாகக் கொள்வது பொருத்தம். வரி ஏன் தரவேண்டும் என்ற கேள்வியைப் படம் என்றும் மறக்காதபடி எழுப்புகிறது. முழு விடைக்கு மாணவர் ஆரணிப் போரிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும்.